அது சண்டை இல்ல கண்ணு!

சுறா, ஆமை, நரி, ஆந்தை, கரடி பொம்மை. இந்த அஞ்சில் நீங்கள் எது?

சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு வந்திருந்த பி.பி.டி இப்படித்தான் தொடங்கியது. சண்டை வந்தால் பாய்கிறவர் சுறா, ஓட்டுக்குள் ஒளிகிறவர் ஆமை, ஆளுக்குப் பாதி என்று பேரம் பேசுகிறவர் நரி, எல்லோருக்கும் விட்டுக்கொடுப்பவர் கரடி பொம்மை, இருவரும் ஜெயிக்க வழி தேடுபவர் ஆந்தை. கடைசி ஸ்லைடில் கட்டணம்: ஒருநாள் டிரெய்னிங், 35,000 ரூபாய், சாப்பாடு தனி.

சித்தப்பா வைத்திருப்பது ஒரு மஞ்சி மில். உடுமலைப்பேட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேங்காய் உரித்த மட்டையை மெஷினில் போட்டு நாரைப் பிரித்து, களத்தில் காயவைத்து, கட்டுப் போட்டு அனுப்பும் இடம். மொத்தம் 28 பேர். மெஷினில் ஒடிசா பையன்கள், களத்தில் உள்ளூர்ப் பெண்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மேஸ்திரி. ஆள்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அதற்கான காரணம் பின்னால் வரும்.

"நீ பத்திரிகையில இருக்கறயல்ல கண்ணு. நாலு எடத்துல விசாரிச்சு, எந்த டிரெய்னிங் நல்லதுன்னு சொல்லு. தினமும் களத்துக்கும் மெஷினுக்கும் சண்டை. என்னால முடியல" என்றார் சித்தப்பா. அது பொங்கல் லீவு நேரம்.

சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து 'ஆபீஸ் சண்டையைத் தவிர்க்க 7 வழிகள்' வகைக் கட்டுரைகளுக்கு எத்தனையோ தலைப்பு வைத்திருக்கிறேன். டிப்ளமோ படித்ததற்கு அது ஒரு பயன். ஆனால், 28 பேரின் சம்பளத்தோடும் சோற்றோடும் சம்பந்தப்பட்ட ஒன்றுக்கு 'வழி' தேடச் சொன்னது இதுதான் முதல் தடவை.

முதலில் அந்த அஞ்சு விலங்குகளின் பூர்வீகத்தைத் தேடினேன். 1974-ல் கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். மோதலில் ஒரு மனிதர் நடந்துகொள்ளும் விதங்களை ஐந்தாகப் பிரித்தார்கள்: போட்டியிடுவது, ஒத்துழைப்பது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, தவிர்ப்பது, விட்டுக்கொடுப்பது. 30 ஜோடி வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் நமக்குப் பொருந்துவதை டிக் அடிக்க வேண்டும். கம்பெனி டிரெய்னிங்குகளில் இன்றும் அதிகம் புழங்குவது இதுதான். விலங்குகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

தவறான கருவி என்று சொல்ல மாட்டேன். ஏ.சி அறையில் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர்கள் தங்கள் குணத்தைத் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் எங்கள் களத்தில் பாதிப்பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெஷின் பையன்களுக்குத் தமிழே அரைகுறை. அதைவிட முக்கியமாக, மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசினால் மழை நாளில் வேலை கிடைக்காது என்ற நிலைமையில் இருக்கும் ஒரு பெண், ஆமையாக இருப்பது அவள் குணமா? அவளுடைய கணக்கு அது. அதற்கு டிரெய்னிங் கொடுத்து அவளை ஆந்தையாக்க முடியாது.

சரி, வேறென்ன இருக்கிறது? 1981-ல் வந்த 'கெட்டிங் டு யெஸ்' என்ற புத்தகத்தை ஹார்வர்டைச் சேர்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் எழுதினார்கள். அதில் சொல்லப்படும் முக்கியமான விஷயம், ஒருவர் என்ன கேட்கிறார் என்பதோடு நின்றுவிடாமல் ஏன் கேட்கிறார் என்று பார்ப்பது. இதையே அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பு மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற பெண்மணி சொல்லிவிட்டார். அவர் சொன்ன உதாரணம் ரொம்பச் சின்னது. ஒரு நூலகத்தின் சிறிய அறையில் இரண்டு பேர். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். கேட்டவருக்கு வேண்டியது காற்று. ஃபாலெட்டுக்கு வேண்டியது வாடைக்காற்று தன் மேல் அடிக்காமல் இருப்பது. பாதி ஜன்னலைத் திறந்து வைத்து இருவரையும் அரை திருப்தியில் விட்டிருந்தால் அது சமரசம். இது வேறு.

எனக்கு இது பிடித்தது. களத்துக்குப் போனேன்.

சண்டையின் வெளித்தோற்றம் இதுதான்: மெஷின் பையன்களுக்கு லோடு கணக்கில் கூலி. காலையில் ஆறு மணிக்கே ஆரம்பித்து, பேய் வேகத்தில் மட்டையைத் தள்ளுகிறார்கள். ஈர நார் மலைபோலக் குவிகிறது. களத்துப் பெண்களுக்கு நாள் கூலி. பன்னிரண்டு மணிக்குள் அத்தனையையும் விரித்துப் போட்டு, திருப்பிவிட முடியாது. குவிந்த நார் காயாமல் நிறம் மாறினால் திட்டு வாங்குவது இவர்கள். "அவனுங்க வேகத்துக்கு எங்க இடுப்பு ஒடையுது" என்றார்கள். "இவுங்க மெதுவா. எங்களுக்கு லாஸ்" என்றார்கள் அவர்கள்.

நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். லோடு கணக்கு என்றால் சாயங்காலம் வரை நிதானமாக ஓட்டலாமே, எதற்குப் பகலுக்குள் முடிக்க இந்த அவசரம்?

பையன்களில் தமிழ் கொஞ்சம் தெரிந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, தண்ணி ரெண்டு மணி."

அவர்கள் தங்கியிருக்கும் ரூமுக்குப் பைப்பில் தண்ணீர் வருவது மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் ஆள் அங்கே இல்லாவிட்டால் குளிக்க, சமைக்க, துவைக்க ஒன்றுக்கும் வழியில்லை. அதனால்தான் இரண்டு மணிக்குள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுகிறார்கள். ஆறு மாதச் சண்டையில் இதை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சித்தப்பா அன்றைக்கே உடுமலைக்குப் போய் ஒரு சின்டெக்ஸ் டேங்க் வாங்கிவந்து பைப்போடு இணைத்தார். அடுத்த வாரத்திலிருந்து மெஷின் இரண்டு பகுதியாக ஓடியது. சண்டை முழுக்க ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. களத்தில் சண்டை இல்லாத நாள் ஏது? ஆனால் இடுப்பொடிவது குறைந்தது.

பரிசோதனை வெற்றி என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கும்போதுதான், களத்தில் மூத்தவரான ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன வாரம் வரை வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஏன் நின்றுவிட்டாள் என்று நான் பேச்சுவாக்கில் கேட்டிருந்தேன். 'மேஸ்திரியோட சண்டை' என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அதையே நானும் சொன்னேன்.

"அது சண்டை இல்ல கண்ணு" என்றார் அந்த அம்மா. "சண்டைன்னா ரெண்டு பக்கமும் பேசோணும். இதுல ஒரு பக்கந்தான் பேசுச்சு. கையும் ஒரு பக்கந்தான் நீண்டுச்சு."

வேறு எதுவும் சொல்லாமல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் போகிறவர்கள் சின்னியம்பாளையத்தைக் கடந்திருப்பீர்கள். அந்த ஊர்த் தொழிலாளர்கள் நான்கு பேர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். ரங்கவிலாஸ் மில்லில் வேலை பார்த்தவர்கள். அந்த மில்லில் ஒரு பெண் தொழிலாளிக்கு நடந்த கொடுமையில் தொடங்கிய மோதல், ஒரு ஆளின் சாவில் முடிந்து, பிறகு இந்த நான்கு பேரின் கழுத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்க அப்போது மில்லுக்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு நோட்டு இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றும்.

மோதலைப் பேசித் தீர்க்கும் வழக்கம் நம் நாட்டில் ஆலைகளில்தான் வேர்விட்டது. 1918-ல் அகமதாபாத் மில் ஸ்டிரைக்கில் முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா. நடுவில் காந்தி. தொழிலாளிகள் 35 சதவிகிதம் உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 என்றார்கள். கடைசியில் இருவரும் ஏற்ற நடுவரிடம் விட்டார்கள், 35 என்று தீர்ப்பு வந்தது. பிறகு 1947-ல் தொழில் தகராறுகள் சட்டம். பக்கத்தில் திருப்பூரில் 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள்கள் ஸ்டிரைக் நடந்ததும், இன்றைக்கு பனியன் தொழிலில் கூலி உயர்வை சங்கங்களும் முதலாளிகளும் மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தமாகப் போடுவதும் ஒரே கதையின் முன்னும் பின்னும்தான். கூலிக்கு மேசை வந்துவிட்டது. மேஸ்திரியின் கைக்கு வர ரொம்ப காலம் ஆனது.

சாயங்காலம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கெட்டவர் இல்லை, இந்த ஊர்க்காரர். அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்: "ரெண்டு பேரையும் கூப்புட்டு எதிரும் புதிருமா உக்கார வெச்சுப் பேசிரலாம் கண்ணு. அவன் எட்டு வருசமா இருக்கறான். தூரத்துச் சொந்தம் வேற. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கச் சொல்லி முடிச்சரலாம். அந்த டிரெய்னிங்காரரையே வரச் சொல்லீர்றேன்."

"வேண்டாங்க சித்தப்பா" என்றேன். "ஜன்னலத் தொறக்கறதா மூடறதாங்கற சண்டைக்கு எதிரும் புதிருமா உக்காரலாம். இதுல யாரு அட்டெண்டன்ஸ் போடறாங்க? மேஸ்திரி. மழை நாள்ல யாருக்கு வேலைன்னு முடிவு பண்றது? மேஸ்திரி. அட்வான்ஸ் யாரு மூலமாப் போகுது? அவருக்கு எதிர்ல உக்கார வெச்சு, 'என்னம்மா பிரச்னை'ன்னு கேட்டா அந்தப் பொண்ணு என்னங்க சொல்லும்?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. சமையல்கட்டிலிருந்து சித்தி சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லும்."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் நின்றார் என்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை வந்தது, நின்றுவிட்டார் என்றே நினைத்திருந்தோம்.

"எங்களையும் இப்படித்தான் ஆபீஸ் ரூம்ல அவனுக்கு எதுத்தாப்புல நிக்க வெச்சாங்க. நானும் ஒண்ணுமில்லீங்கன்னுதான் சொன்னேன். பேசித் தீத்துட்டோம்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அழவெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் சித்தப்பா கேட்காத வார்த்தை அது. அவர் எழுந்து வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார். அன்றைக்கு அதற்கு மேல் வீட்டில் பேச்சு ஓடவில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பாவே கேட்டார்: "சட்டம் என்ன சொல்லுது, அதச் சொல்லு."

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் கொடுத்த வழிகாட்டுதல்கள் 2013-ல் சட்டமாயின. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைவர் அங்கே மூத்த நிலையில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழுவே அமைக்காவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவர் என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை.

சித்தப்பா கேட்ட 'பேசித் தீர்ப்பது' கூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 10-வது பிரிவு. ஆனால் அதைக் கேட்க வேண்டியது பாதிக்கப்பட்ட பெண். அவளாகக் கேட்டால் மட்டும்தான், விசாரணைக்கு முன் சமரசத்துக்கு முயலலாம். அப்போதும் பணம் கொடுத்து முடிப்பது சமரசத்தின் அடிப்படையாக இருக்கக் கூடாது. மோதல் தீர்வைப் பற்றி நான் அந்த வாரம் படித்த அத்தனை மாடல்களிலும் எனக்குப் பெரிதாகப் பட்ட வித்தியாசம் இதுதான். மேசையில் யார் உட்காரலாம் என்பதை விட, உட்கார மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது.

பழனி தாண்டினால் திண்டுக்கல். அங்கே 2021 ஜனவரியில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் கொல்லப்பட்டாள். குற்றம்சாட்டப்பட்டவர் அவளுடைய சூப்பர்வைசர். அதன் பிறகு பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் முழுக்க இன்று பேசுவது அதைத்தான். அங்கிருந்து துணி வாங்கும் ஹெச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்டன. அதில் எனக்குப் பிடித்த பகுதி பயிற்சி. தொழிலாளிகளில் 25 பேருக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்து மெஷினில் நடப்பதைப் பார்த்து, குறித்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது அவர்கள் பொறுப்பு. சூப்பர்வைசர்களுக்கும் மேனேஜர்களுக்கும் பயிற்சி உண்டு. சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பி.பி.டி போட்டுவிட்டு சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடும் பயிற்சி இல்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டுக்கே முன்னோடி. நீதிமன்றச் சமரசகராக ஒருவர் உட்கார 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். எங்கள் களத்துக்கு வரவிருந்தது, டீ பிரேக் போக ஆறு மணி நேரம்.

அதனால் டிரெய்னிங்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சித்தப்பா. பதிலுக்கு நாங்கள் செய்தது பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சம்பள நாளில் அரை மணி நேரம், வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல். களமும் மெஷினும் கலந்து உட்கார வேண்டும். ஒருவர் தன் பிரச்னையைச் சொன்னால், எதிர்த்தரப்பு பதில் சொல்வதற்கு முன் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'இவன் எப்பவுமே இப்படித்தான்' என்று சொல்லக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு விதிகள்தான். மார்ஷல் ரோசன்பர்க் என்பவர் உருவாக்கிய 'வன்முறையற்ற தொடர்பு' முறையில் முதல் படி இந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்வதுதான். ஒடியாவிலிருந்து தமிழுக்கு மாற்றும்போது பாதி நேரம் சிரிப்பில் போகிறது என்று சித்தி போனில் சொன்னார். போகட்டும்.

புதிய தொழிலுறவு சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மேல் கூடாது, பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் இருக்க வேண்டும், 30 நாளில் முடிவு. சித்தப்பாவிடம் 28 பேர். அதனால் இந்தக் குழு ஒன்று, உள்ளகக் குழு ஒன்று என்று இரண்டையும் அமைத்தார். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதை மட்டும் நான் மூன்று முறை சொன்னேன். கூலி, தண்ணீர், லோடு எல்லாம் முதல் குழுவுக்கு. மற்றது இரண்டாவதுக்கு.

உள்ளகக் குழுவுக்குத் தலைவர், கணக்கு எழுதும் அக்கா. முதலில் பயந்தார். "நான் எப்படிங்க அவர விசாரிக்கறது, அவரு என்னைவிட சீனியர்" என்றார். வெளியாளாக வந்த பெண் வக்கீல் அவரோடு இரண்டு நாள் உட்கார்ந்து, எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது, இரண்டு தரப்பையும் எப்படித் தனித்தனியாகக் கேட்பது, எப்படி எழுதி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். என் கண்ணில் அந்த இரண்டு நாள்தான் உண்மையான டிரெய்னிங். களத்தின் மூத்த அம்மா உறுப்பினர். கைநாட்டு வைப்பவர்தான். ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

வேலைக்கு வராமல் நின்ற பெண்ணின் வீட்டுக்கு நான் போகவில்லை. கணக்கு அக்கா போனார். குழு இருக்கிறது, புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம், கொடுக்காவிட்டாலும் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு உரிமை இல்லை. புகாரையும் விசாரணையையும் சம்பந்தப்பட்டவர் யார் என்பதையும் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியதற்குக் காரணமும் அதுதான். சித்தியின் வார்த்தைகளை அவரிடம் படித்துக்காட்டி, சம்மதம் வாங்கித்தான் சேர்த்திருக்கிறேன். "ஒண்ணுமில்லீங்கன்னு சொன்னேன்ல, அத எடுத்தராத" என்றார்.

அட்டெண்டன்ஸ் நோட்டு இப்போது மேஸ்திரியிடம் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். அது மில்லின் நிர்வாக விஷயம். மழை நாள் வேலை சுழற்சி முறையில் போகிறது, பட்டியலைக் கணக்கு அக்கா எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். அட்வான்ஸ் நேராக அவரவர் பேங்க் கணக்குக்குப் போகிறது.

குழு அமைத்த உத்தரவு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டுமென்பதும் சட்டம். சித்தப்பா உடுமலை தளி ரோட்டில் ஒரு கடையில் நல்ல ஃபிளெக்ஸ் போர்டு அடித்துவந்து, தன் ஆபீஸ் ரூமில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்த ரூமுக்குக் களத்துப் பெண்கள் வருவதே இல்லை. சித்தி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், டீ குடிக்கும் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டிவிட்டார். கீழே ஒடியாவில் ஒரு வரி வேண்டும் என்று மெஷின் பையன் கேட்டிருக்கிறான். அடுத்த சனிக்கிழமை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம்.